நாரி நோவுக்குப் படுத்துக் கிடப்பதா, பயிற்சி செய்வதா?

குனிந்து நிமிர்ந்தால் நாரி, அதாவது கீழ்முதுகு, பிடிக்கிறது, ஓய்வெடுப்பதா, வயிற்றுக்கும் முதுகுக்கும் பயிற்சி செய்வதா என்று கேட்டிருக்கிறீர்கள். கதிரையில் இருந்து வேலை செய்பவர், நாற்பதை ஒட்டிய வயது என்று நினைக்கிறேன். பயிற்சி செய்யுங்கள். நான் 3 கிழமை கட்டிலில் கிடந்து பார்த்தவள், அதனால்தான் சொல்கிறேன்.

எங்கள் வீடு யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில். 2019 இல் ஒருநாள், எழும்பின கையோடு கிணற்றடிக்குப் போனேன். கப்பியில் இழுத்த வாளியைக் கட்டுக்கு மேலால் குனிந்து திரும்பி எடுக்கும்போது நாரியில் சுள்ளென்றது. வாளி கைவிட்டுப் போனது. கயிறு கடகடவென்று ஓட, கட்டைப் பிடித்தபடி நிமிர முடியாமல் நின்றேன். மகள் வந்துதான் உள்ளே கூட்டிப்போனாள். அப்புறம் ஒத்தடம், நாட்டு வைத்தியம் செய்யும் பரியாரியார் தந்த எண்ணெய், ரொறன்ரோ மாமி அனுப்பிய பெல்ட். நோ குறைந்தது. பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போகத் தொடங்கி இரண்டாம் மாதமே திரும்பப் பிடித்தது. பரியாரியாரைக் குறை சொல்வதாக யாரும் எடுக்க வேண்டாம், அந்த எண்ணெய்ச் சூடு இல்லாமல் முதல் இரவு நான் உறங்கியிருக்க மாட்டேன்.

எனக்குப் பிசியோதெரபி செய்த பிள்ளைதான் காரணம் சொன்னாள். முள்ளந்தண்டை ஒட்டியுள்ள சிறு தசைகள் நோ வந்ததும் மெலிந்துவிடுமாம். நோ போனாலும் பலருக்கு அவை தாமாகத் தேறுவதில்லை, வேலை கொடுத்துத்தான் தேற்ற வேண்டும். விடிந்ததும் குனிந்து தூக்கியதும் பிழை. இரவில் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும், அப்போது குனிந்தால் அழுத்தம் கூட.

“ரீச்சர், இடுப்பெலும்பிலிருந்து இரண்டு விரல் உள்ளே கைவைத்து இருமிப் பாருங்கோ” என்றாள். இருமினேன், விரலுக்கடியில் ஒன்று இறுகியது. வயிற்றைச் சுற்றி ஓடும் ஆழத்துத் தசை. அதை லேசாக இறுக்கிக்கொண்டே மூச்சுவிடப் பழக எனக்கு ஒரு கிழமை எடுத்தது.

பிறகு கையும் முழங்காலும் ஊன்றி, வலக்கையை முன்னும் இடக்காலைப் பின்னும் நீட்டி 10 செக்கன், அடுத்து மறுபக்கம். நாரியின்மேல் பாதித் தண்ணீரோடு ஒரு பேணியை வைத்துவிட்டாள், சிந்தக்கூடாது. முதல்நாள் பாய் நனைந்தது. மூன்றாம் கிழமை பேணி அசையவில்லை. அன்று எனக்கு வந்த சந்தோசம் சொல்லி முடியாது. இதோடு முழங்கையில் பக்கவாட்டாக ஊன்றி இடுப்பைத் தூக்குவதும், மல்லாந்து ஒரு காலை மடித்து, கைகளை நாரிக்கடியில் வைத்துத் தலையையும் தோளையும் சற்றே உயர்த்துவதும். இந்த மூன்றையும் பரப்பியவர் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முள்ளந்தண்டை ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில். மல்லாந்து கிடந்து முழுதாக எழும்பி இருக்கிற பயிற்சி வேண்டாம், அது வட்டை நெரிக்கும்.

நடந்தாலே போதும் என்று சிலர் எழுதுவார்கள். நடையும் உதவும், நானும் நடக்கிறேன். தோட்டம் கொத்தின ஆச்சிமார் என்ன பயிற்சி செய்தார்கள் என்றும் கேட்பார்கள். வெங்காயம் நட்டே கூனிப்போன ஆச்சி எங்கள் வீட்டில் இருந்தார். நோவை அவர் வெளியில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ரியூசன் கொட்டில்களில் சாய்வில்லாத வாங்குகளில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் முடிந்து இருட்டும்வரை கூனிக்கொண்டு இருக்கிறார்கள். என் மகள் பதினைந்து வயதிலேயே நாரியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறாள். காசு வாங்குபவர்கள் வாங்குக்குப் பின்னால் ஒரு பலகை அடித்தால் என்ன? கேட்டேன், இடம் காணாதாம்.

சரி, உங்களுக்கு வருகிறேன். நான் டொக்டர் இல்லை. கால் விறைத்தாலோ பலம் குறைந்தாலோ, காய்ச்சலோடு நோ இருந்தாலோ பயிற்சியைத் தொடாமல் முதலில் டொக்டரிடம் காட்டுங்கள். சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனாலோ, அடைத்துக்கொண்டாலோ, இருக்கும்போது கதிரையில் படுகிற இடம் மரத்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், விடியட்டும் என்று இருக்க வேண்டாம்.