தாத்தாவின் மரப்பெட்டி: உப்புத்தாளை எடுப்பதற்கு முன்

தாத்தாவின் மரப்பெட்டியில் நீலப் பெயிண்ட் உரிகிறது, சின்னச் சின்ன ஓட்டைகளும் இருக்கின்றன, தேய்த்து பாலிஷ் போட்டு வரவேற்பறையில் வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து இப்போதைக்குத் தேய்க்க வேண்டாம். அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். உப்புத்தாள் போட்டால் அந்தத் தூள் வீடு முழுக்கப் படியும். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். உரிந்த பெயிண்டில் ஒரு துண்டை ஆய்வகத்தில் கொடுத்துச் சோதியுங்கள். முடிவு வரும்வரை பெட்டி குழந்தைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். ஈயம் இருந்தால், அதை அகற்றப் பயிற்சி பெற்றவர்களிடம் விட்டுவிடுங்கள்.

ஓட்டைகளுக்கு அவ்வளவு பயம் வேண்டாம். அடியில் கறுப்புத் தாள் விரித்துச் சில வாரங்கள் பாருங்கள். வெளிர் நிறத்தில் புதிதாக மாவு கொட்டியிருந்தால் உள்ளே புழு உயிரோடு இருக்கிறது. மற்ற மரச்சாமான்களை விட்டுத் தள்ளி வைத்து, பூச்சி மருந்து அடிப்பவரைக் கூப்பிடுங்கள்.

அப்புறம், அந்தப் பித்தளைப் பூட்டைப் பளபளப்பாக்கிவிடாதீர்கள். இத்தனை வருடம் ஏறிய அந்தக் கருமைதான் பெட்டிக்கு அழகு. ஒருமுறை தேய்த்துவிட்டால், அது திரும்பப் படிய மறுபடியும் பல வருடங்கள் ஆகும்.