கணினிக் கேள்வி பதில்: ‘எங்களுக்குச் சரியாகத்தான் வருகிறது’

கேள்வி: தமிழ்99 முறையில் தட்டச்சு செய்ய உதவும் கட்டற்ற மென்பொருள் ஒன்றை நான்கு பேர் ஓய்வு நேரத்தில் பராமரிக்கிறோம். வரும் பிழை அறிக்கைகளில் பாதி ‘வேலை செய்யவில்லை’ என்ற ஒற்றை வரிதான். எங்கள் கணினியில் வராத பிழைகளின் அறிக்கைகளை ‘முடிந்தது’ என்று மூடிவிடுகிறோம், எழுதியவர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். என்ன செய்யலாம்?
— வாசகர், ரோஸ்ஹில், மொரீஷியஸ்

பதில்: அப்படி மூடுவதை முதலில் நிறுத்துங்கள். உங்களிடம் வரவில்லை என்பதால் பிழையே இல்லை என்றாகாது. அவர் கணினிக்கும் உங்கள் கணினிக்கும் என்ன வேறுபாடு என்பது இன்னும் பிடிபடவில்லை, அவ்வளவுதான்.

பக்கத்துத் தீவான ரெயூனியனிலிருந்து ஒருவர் ‘அ தட்டினால் ஆ வருகிறது’ என்று எழுதுவதாக வைத்துக்கொள்வோம். அங்கே புழங்குவது பிரெஞ்சு விசைப்பலகை. நம் ஆங்கிலப் பலகையில் ‘ஏ’ (A) இருக்கும் இடத்தில் அதில் ‘க்யூ’ (Q) இருக்கும். தமிழ்99-இல் A விசைக்கு அ, Q விசைக்கு ஆ. நிரல் விசையின் இடத்தைப் பார்க்காமல் அதன் எழுத்தைப் பார்த்தால், அ-வைத் தேடிப் போகும் இடது சுண்டுவிரல் ஆ-வைத்தான் அடிக்கும். ஆங்கிலப் பலகை வைத்திருப்பவர் நூறு முறை தட்டினாலும் இது தெரியவராது. ‘ஈ அடித்தால் ஔ வருகிறதா?’ என்று திருப்பிக் கேளுங்கள். ஈ-க்கான ‘டபிள்யூ’வும் (W) ஔ-க்கான ‘இசட்’டும் (Z) பிரெஞ்சுப் பலகையில் இடம் மாறியிருப்பதால், ஆம் என்று பதில் வந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

ஆகவே அறிக்கைப் படிவத்தில் மென்பொருளின் பதிப்பு எண், இயங்குதளம், விசைப்பலகை வகை, அழுத்திய விசைகள் வரிசையாக, எதிர்பார்த்தது, வந்தது ஆகியவற்றைக் கேளுங்கள். இதற்கு மேல் கட்டங்கள் வேண்டாம். நீளமான படிவத்தைப் பாதியில் விட்டுப் போய்விடுவார்கள். நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளங்களான கிட்ஹப், கிட்லேப் இரண்டிலும் இப்படி வார்ப்புரு வைக்கலாம். தமிழிலோ பிரெஞ்சிலோ கிரியோலிலோ எழுதலாம் என்று மேலேயே சொல்லிவிடுங்கள்.

வாரத்துக்கு ஒருவர் முறை வைத்துக்கொள்ளுங்கள். அவர் பிழையைத் திருத்த வேண்டாம். இரண்டு நாளுக்குள் பதில் எழுதி, பிழையை வரவழைத்துப் பார்த்து, ‘தகவல் வேண்டும்’ அல்லது ‘உறுதியானது’ என்று குறியிட்டால் போதும். கேட்ட தகவல் 30 நாளாகியும் வராவிட்டால் மூடலாம். மறுபடி திறக்கும் வழியையும் அதிலேயே எழுதுங்கள். தானாக மூடும் நிரல்களை ‘தகவல் வேண்டும்’ என்ற குறி உள்ளவற்றில் மட்டும் ஓடவிடுங்கள். நம் பதிலுக்காகக் காத்திருப்பவரின் அறிக்கையை இயந்திரம் மூடுவது அநியாயம்.

பழைய பதிப்பில் சரியாக இருந்தது என்று யாராவது சொன்னால் அது பெரிய துப்பு. எந்த மாற்றத்தில் பிழை நுழைந்தது என்று தேடித்தரும் ‘கிட் பைசெக்ட்’ கட்டளை ஏறத்தாழ பாதி பாதியாக ஒதுக்கிக்கொண்டே போவதால், 1000 மாற்றங்களுக்குள் குற்றவாளியைப் பிடிக்கச் சுமார் 10 சோதனை போதும்.

கேள்வி: ஒரு மென்பொருளில், என் கோப்பில் உள்ள ‘கொடி’ என்ற சொல்லைத் தேடினால் கிடைக்கவில்லை. அதைப் பராமரிப்பவர்களுக்குத் திரையைப் படம் பிடித்து அனுப்பினேன்; கோப்பும் வேண்டும் என்கிறார்களே?
— வாசகி, செயின்ட் ஆந்த்ரே, ரெயூனியன்

பதில்: நியாயமாகத்தான் கேட்கிறார்கள். எழுத்துகளுக்கு எண் கொடுத்துச் சேமிக்கும் முறையான யூனிகோடில் ‘கொ’வின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். இரண்டும் சமம் என்பது யூனிகோடு விதி. அதன்படி ஒருமைப்படுத்தாமல் தேடும் நிரல் இரண்டையும் வேறு வேறு சொல்லாக எடுத்துக்கொள்ளும். படத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அந்தச் சொல் உள்ள வரியை மட்டும் வைத்துக்கொண்டு, சொந்த விவரங்களை நீக்கிச் சேமியுங்கள். அதிலும் தேடல் தோற்கிறதா என்று பார்த்துவிட்டு, கோப்பாகவே இணைத்து அனுப்புங்கள். திரும்பத் தட்டச்சு செய்தால் குறியீடு மாறி, பிழையே மறைந்துவிடக்கூடும்.