பேச்சாயி என்ற பெயருக்கு என்ன பொருள்? அப்பாயியின் பெயரை மகளுக்கு வைக்கலாமா?

பேச்சியம்மன் பெயரோடு, தாயைக் குறிக்கும் ‘ஆயி’ சேர்ந்ததுதான் பேச்சாயி. கர்ப்பிணிகளையும் பச்சைப்பிள்ளைகளையும் காக்கிற தெய்வம் அவள். மதுரை, திருநெல்வேலிப் பக்கம் அவளுக்குக் கோயில்கள் ஏராளம். 19ஆம் நூற்றாண்டில் ஆள்சேர்த்து வேலை வாங்கிய கங்காணிமார் இலங்கை மலையகத்துக் கோப்பித் தோட்டங்களுக்கும், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் கூட்டிவந்த சனம், சாமியோடு பெயரையும் கொண்டுவந்தது. கருப்பாயி, ராமாயி, செல்லாயி எல்லாம் இதே வரிசை. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறையான லயக் காம்பிராவிலேயே பிள்ளை பிறந்த காலத்தில் இந்தப் பெயரே ஒரு காப்பு.

இப்போது ஹட்டன், நுவரெலியாப் பக்கம் அப்பாயி, அம்மாயிமாரிடம்தான் இதைக் கேட்கலாம். இளம் பெற்றோர் நட்சத்திர எழுத்துப் பார்த்து ‘ஷா’, ‘ஷினி’ என முடியும் பெயர்களையே தேடுகிறார்கள். நீங்கள் தயங்காமல் வையுங்கள்; முதல் பெயராக இல்லாவிட்டால் இரண்டாவதாகவாவது பதியுங்கள்.