மடியாத புரதமும் 10.8 ஹீமோகுளோபினும்

கேள்வி: எனக்கு 71 வயது. போன மாதம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 10.8. "ரத்தம் ஊறவைக்கிற ஸ்டெம் செல்லுக்கும் வயசாகும் தாத்தா, மைட்டோகாண்ட்ரியா மாத்திரை போடுங்க" என்கிறான் பேரன். சரியா டாக்டர்?
— ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: பேரன் பாதி சரி. ரத்தம் ஊறுகிற எலும்பு மஜ்ஜையை முப்பது வருடம் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தவன் நான். இருபது வயதுக்காரரின் இடுப்பெலும்பிலிருந்து எடுத்த மஜ்ஜையில் செல்கள் சந்தைக் கூட்டமாக நெருக்கியடிக்கும். எழுபதில் நடுநடுவே கொழுப்பு, வெள்ளை வெள்ளையாக. ஆனால் வயதான எலியில் ரத்த ஸ்டெம் செல்லின் (எல்லா ரத்தச் செல்களுக்கும் தாய்ச் செல்) எண்ணிக்கை குறைவதில்லை, கூடுகிறது. வேலைதான் ஓடுவதில்லை.

இந்தச் செல்கள் பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும். விழித்துப் பெருகும்போது செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவும் பெருக வேண்டும்; அதிலுள்ள புரதங்கள் ஒழுங்காக மடிய வேண்டும். கொசுவம் அமையாத பட்டுப்புடவையைப் பார்த்திருப்பீர்கள். (என் மனைவி அதோடு பேசவே செய்வார்.) அப்படி மடியாத புரதம் சேர்ந்தால் செல்லுக்கு நெருக்கடி. அப்போது சர்ட்-7 என்ற புரதம் பிரேக் போட்டு, மைட்டோகாண்ட்ரியா சரியாகும்வரை செல்லைப் பெருகவிடாது. வயதான எலியின் ஸ்டெம் செல்லில் இது குறைந்துவிடுகிறது என்று 2015-ல் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டானிகா சென் குழு காட்டியது. அதைத் திரும்ப ஏற்றியதும் கிழட்டுச் செல்கள் முன்னைவிட நன்றாக ரத்தம் உண்டாக்கின. நெருக்கடி நீடித்தால் செல்லுக்குள் அழற்சி மூண்டு அதையே கெடுக்கிறது என்று 2019-ல் அதே குழு சொன்னது.

எல்லாம் எலியில். அவர்கள் ஏற்றியது சர்ட்-7 மரபணுவை, மாத்திரையை அல்ல. கடையில் விற்கிற எதையும் நம்பி இதற்காகக் காசைக் கொட்டாதீர்கள்.

அப்புறம், உங்கள் 10.8. "வயசாச்சு, அப்படித்தான்" என்று யார் சொன்னாலும் விட்டுவிடாதீர்கள். ரிப்போர்ட்டில் எம்.சி.வி. என்று ஓர் எண் இருக்கும்; சிவப்பணுவின் சராசரி அளவு அது. 80-க்குக் கீழே என்றால் முதலில் இரும்புச்சத்தைப் பார்க்க வேண்டும். உங்கள் வயதில் அது குறைந்திருந்தால், வயிற்றிலோ குடலிலோ ரத்தம் கசிகிறதா என்றும் தேடியாக வேண்டும். 100-க்கு மேல் என்றால் பி-12. நடுவில் இருந்தாலும் கிரியாட்டினின் பாருங்கள்; சிறுநீரகம் தளர்ந்தாலும் ரத்தம் குறையும். மூட்டுவலிக்கு மாத்திரை போடுகிறீர்களா? மலம் கறுப்பாகப் போகிறதா? இரண்டுமே அந்த ரத்தக் கசிவுக்குத் தடயமாகலாம். உங்கள் டாக்டரிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள்.