கருந்துளைக்குள் விழுந்தால் என்ன ஆகும்?

கேள்வி: கருந்துளை பக்கத்தில் போகிற எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும் என்கிறார்கள். அப்படி உள்ளே போகும் பொருள் என்னதான் ஆகும்? (பிளஸ் டூ மாணவி, விருதுநகர்)

பதில்: முதலில் அந்த 'உறிஞ்சும்' கதையை விட்டுவிடலாம். சூரியன் இருக்கும் இடத்தில் அதே நிறையுள்ள கருந்துளை ஒன்று இருந்தாலும் பூமி தன்பாட்டுக்கு இதே பாதையில்தான் சுற்றும். கருந்துளைக்குள் நேராக விழுவதே அவ்வளவு சுலபமில்லை, ஏனென்றால் எந்தப் பொருளுக்கும் கொஞ்சமாவது பக்கவாட்டு வேகம் இருக்கும், அதனால் அது துளையைச் சுற்றத் தொடங்கிவிடும். அப்படிச் சுற்றும் வாயு தட்டையான வட்டாகி, உரசிச் சூடேறி, ஆற்றலை ஒளியாகக் கொட்டிவிட்டுத்தான் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும். சிக்னஸ் எக்ஸ்-1 என்ற கருந்துளை எக்ஸ் கதிரில் பளிச்சென்று தெரிவது இதனால்தான். சூரியனுக்குள் ஹைட்ரஜன் ஹீலியமாகும்போது 0.7 சதவீத நிறைதான் ஆற்றலாகிறது. கருந்துளையில் விழும் பொருளோ, விழுகிற வழியிலேயே சுமார் 6 சதவீதத்தை ஆற்றலாக வெளியே விடும், துளை வேகமாகச் சுழன்றால் அது 40 சதவீதத்தைக்கூடத் தொடலாம்.

ஒரு முழு நட்சத்திரமே மாட்டிக்கொண்டதையும் பார்த்திருக்கிறோம். 2019-இல் தெரிந்த ஏடி2019கியூஐஇசட் நிகழ்வு, 21.5 கோடி ஒளியாண்டு தொலைவில். கிட்டத்தட்ட நம் சூரியன் அளவு நிறையுள்ள நட்சத்திரம் அது. துளையை நோக்கிய பக்கத்தை ஈர்ப்பு அதிகமாக இழுக்க, மறுபக்கம் பின்தங்க, நட்சத்திரம் நூலாக நீண்டு கிழிந்தது. ஏறக்குறைய பாதியைத் துளை பிடித்துக்கொண்டது. சிதறிய பொருள் நொடிக்கு 10,000 கிலோமீட்டர் வேகம்வரை வெளியே பாய்ந்தது.

சரி, நிகழ்வெல்லையை, அதாவது ஒளிகூடத் திரும்பி வரமுடியாத எல்லையைத் தாண்டினால்? வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, விழும் பொருள் நிகழ்வெல்லையை நெருங்க நெருங்க மெதுவாகி, சிவந்து, மங்கிப் போகும். அது தாண்டுவதை அவர் பார்க்கவே முடியாது. விழுபவருக்கோ, துளை மிகப் பெரியதென்றால், தாண்டியதே தெரியாது. பால்வெளியின் நடுவில் 40 லட்சம் சூரிய நிறையுள்ள துளை இருக்கிறது, அது சுழலவில்லை என்று வைத்துக்கொண்டால், எல்லைக்குள் போனபின் மையத்தை அடைய அதிகபட்சம் ஒரு நிமிஷம் சொச்சம்தான். ராக்கெட்டை எந்தப் பக்கம் முடுக்கினாலும் அதற்குமேல் நீட்டிக்க முடியாது. உள்ளே மையம் என்பது ஒரு திசையில் இருக்கும் இடமே அல்ல, வந்தே தீரும் நேரம். எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான். மையத்தில் அடர்த்தி முடிவிலி என்று ஐன்ஸ்டைனின் சமன்பாடுகள் சொல்கின்றன. அந்தச் சமன்பாடுகள் அங்கே செல்லுபடியாகவில்லை என்பதற்கான அடையாளமாகத்தான் அதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: அப்படியானால் விழுந்தது வேறொரு பிரபஞ்சத்துக்குப் போய்விடுமா? (வாசகர், தேனி)

பதில்: அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. விழுந்ததன் நிறை துளையோடு சேர்ந்துவிடும், துளையின் எல்லையும் அந்த அளவுக்குப் பெரிதாகும். ஒரு டன் இரும்பு போட்டாலும் ஒரு டன் பஞ்சு போட்டாலும் ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியலின்படி வெளியே தெரிவது நிறை, சுழற்சி, மின்னூட்டம் மட்டுமே. பால்வெளியின் மையத்தை எஸ்2 என்ற நட்சத்திரம் 16 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றிவருகிறதே, அதைப் பிடித்து வைத்திருப்பது அப்படிச் சேர்ந்த நிறைதான்.