பழைய ஸ்போர்ட்ஸ் காரில் கியர் மாற்றம் கொழகொழவென்று இருக்கிறது, எப்படிச் சரிசெய்வது?

லிவரை நகர்த்தும்போது கியர் விழுந்த இடம் உள்ளங்கைக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். அதுதான் நல்ல கியர் மாற்றம். பழைய கார்களில் அது குழைவதற்குப் பெரும்பாலும் கியர்பாக்ஸ் காரணமல்ல, லிவரின் அடியில் அதை ஆடாமல் பிடித்திருக்கும் சின்ன உறைகளான புஷ்கள் தேய்ந்ததுதான். காம்பு தளர்ந்த மண்வெட்டியில் கையின் விசை தகட்டுக்குக் கோணலாகப் போய்ச் சேருவதைப் போல.

1989-இல் வந்த முதல் மாஸ்டா எம்எக்ஸ்-5 காரில் லிவர் நேராக கியர்பாக்ஸின் மேலேயே நிற்கிறது. அதன் அடிநுனியில் ஒரு நைலான் புஷ், மேலே ரப்பர் உறை, உள்ளே கொஞ்சம் எண்ணெய். இந்த மூன்றையும் புதுப்பித்தாலே கை உடனே உணரும். மலிவான வேலை, முதலில் இதைச் செய்யுங்கள்.

கேபிளால் இயங்கும் கியர் என்றால், புதுச்சேரி, கடலூர்க் கடற்கரையோரம் நிறுத்தும் காரின் அடியில் கட்டாயம் குனிந்து பாருங்கள். உப்புக் காற்றில் கேபிள் முனைகளும் இணைப்புகளும் செம்பழுப்பாகத் துருவேறி இறுகியிருக்கும்.

கையேட்டில் ஜிஎல்-4 தர கியர் எண்ணெய் என்றிருந்தால் ஜிஎல்-5 தர எண்ணெய் ஊற்றாதீர்கள். கியர்களின் வேகத்தை உராய்ந்து சமப்படுத்தும் பித்தளை வளையங்களை அதன் கூடுதல் கந்தகச் சேர்மங்கள் பாதிக்கக்கூடும்.

குட்டை லிவர் போட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள்; அது கை நகரும் தூரத்தைத்தான் குறைக்கும், தேய்ந்த புஷ்ஷைச் சரிசெய்யாது, கைக்குக் கூடுதல் பலமும் கேட்கும்.