போட்டி நாளில் கை நடுக்கம்: மாத்திரை கொடுக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. தேக்குவாண்டோ ஆடுகிறான். பயிற்சியில் யாருக்கும் சளைக்காதவன், போட்டி நாளில் கை நடுங்கி வாந்தி எடுக்கிறான். 57 கிலோ இருப்பவன், 55 கிலோ பிரிவில் இறங்குவதற்காக முதல் நாளே சோற்றையும் தண்ணீரையும் விட்டுவிடுகிறான். படபடப்புக்கு நான் சாப்பிடும் புரோப்ரனோலால் மாத்திரையில் பாதியைக் கொடுக்கலாமா?
- வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: சகோதரி, தயவுசெய்து கொடுக்காதீர்கள். அந்த மாத்திரை இதயத் துடிப்பை அடக்கிவிடும். மூன்று சுற்று ஆட வேண்டியவனுக்கு அந்தத் துடிப்புதான் பலம். ஆஸ்துமா உள்ள பிள்ளையாக இருந்தால் உயிருக்கே ஆபத்து.

நடுக்கம் கோழைத்தனம் அல்ல. அட்ரினலின் சுரந்ததும் ரத்தம் குடலை விட்டுத் தசைகளுக்குப் பாய்கிறது, வயிறு புரட்டுகிறது. தேர்ந்த வீரர்களுக்கும் இது உண்டு.

என் கவலையெல்லாம் அந்த 2 கிலோவைப் பற்றித்தான். அது அவன் எடையில் 3 சதவீதத்துக்கும் மேல். 2 சதவீத அளவுக்கு நீர் வற்றினாலே துடிப்பு ஏறும், கால் தளரும், கவனம் சிதறும். பிள்ளையோ அதையும் பயம் என்று நினைத்துக்கொள்வான். 1997இல் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இப்படி அவசரமாக எடை குறைக்கப் போய் இறந்தே போனார்கள். வளரும் பிள்ளை, 59 கிலோ பிரிவில் ஆடட்டும். மாஸ்டரிடம் நீங்களே பேசுங்கள்.

படபடப்போடு ஆடவும் பழக வேண்டும். அடுக்குமாடிப் படிக்கட்டில் நான்கைந்து மாடி ஓடி ஏறட்டும். நெஞ்சு அடித்துக்கொள்ளும்போதே கவசம் அணிந்து, ‘அவன் பாய்ந்தால் முன்காலால் மார்பில் உதைத்துத் தடுப்பேன்’ என்ற ஒரே உத்தியைத் திரும்பத் திரும்பச் செய்யட்டும். பதற்றத்தில் பத்து உத்திகள் மறந்துபோகும், உடம்பில் ஊறிய ஒன்று கைகொடுக்கும். சுற்றுகளுக்கு இடையே கிடைக்கும் 1 நிமிடத்தில், முதலில் மூச்சை 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விடட்டும். பிறகு மாஸ்டர் ஒரே ஒரு கட்டளை சொன்னால் போதும். பார்வையாளர் பக்கத்திலிருந்து நீங்கள் கத்த வேண்டாம்.

போட்டியன்று காலை நாசி லெமாக் சோறு கூடாது. அதிலுள்ள தேங்காய்ப்பால் கொழுப்பு செரிக்க நேரமாகும். 3 மணி நேரத்துக்கு முன்பே இட்லியும் வாழைப்பழமும் கொடுங்கள்.

ஆடும்போது மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருந்தாலோ, பயிற்சியை நிறுத்திவிட்டு இதய மருத்துவரிடம் காட்டி இ.சி.ஜி. எடுங்கள்.